வீட்டைப் பூட்டினால் பதறும் நாய்

கேள்வி சுருக்கமாக: சென்னை அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த 4 வயது லேப்ரடார். அங்கே மகன், மருமகள் என்று யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு தம்பதி இருவரும் நாயோடு தேவகோட்டையிலுள்ள செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. இருவரும் சேர்ந்து வெளியே போனால் முகப்புக் கதவைப் பிறாண்டுகிறது, கதவின் நிலைச்சட்டத்தைக் கடிக்கிறது, வளவில் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) சிறுநீர் கழித்துவிடுகிறது. ஊளை நிற்பதே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. இரண்டாங்கட்டுத் (வளவுக்கு அடுத்த பின்பகுதி) தூணில் கட்டிப்போட்டதில் கழுத்துப் புண்ணானது. இன்னொரு நாய் வாங்கலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? சித்திரையில் ஒரு மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், நாயை என்ன செய்வது? கோட்டையூரில் தம்பி வீட்டில் குட்டி வாங்கப் போகிறார்கள், அதற்கு இப்படி வராமல் தடுக்க வழி உண்டா?

பதில்:

உங்கள் நாய் பழிவாங்கவில்லை. அது எந்த இடத்தைப் பிறாண்டுகிறது என்று பாருங்கள். மெத்தையையோ செருப்பையோ தொடவில்லை. நீங்கள் வெளியேறிய கதவையும் அதன் நிலையையும்தான் கடித்திருக்கிறது. உங்களிடம் வந்து சேர வழி தேடியிருக்கிறது. இது பிரிவுப் பதற்றம், கால்நடை மருத்துவர்கள் செப்பரேஷன் ஆங்ஸைட்டி என்று சொல்வது. கட்டுக்கடங்காத பயம் அது. சிறுநீர் வருவதும் எச்சில் ஒழுகுவதும் அந்தப் பயத்தில் உடம்பு தானாகச் செய்பவை.

“திரும்பி வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறதே, தப்பு செய்தது தெரிந்துதானே?” என்று பலரும் கேட்பார்கள். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதையே சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தைத் தின்ற நாய்களும் தின்னாத நாய்களும் ஒன்றுபோலத்தான் அந்த முகத்தைக் காட்டின. உரிமையாளர் திட்டும்போதுதான் அது அதிகமாகத் தெரிந்தது. ஆகவே திரும்பி வந்து அதட்டினால், நீங்கள் போவதற்குப் பயந்த நாய் நீங்கள் வருவதற்கும் பயப்படத் தொடங்கும். மிச்சம் அதுதான்.

செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ என்ற கவலையும் வேண்டாம். கட்டிலில் படுக்கவிட்டதால் இது வருவதில்லை. வீடு மாறுவது, கூட இருந்தவர்கள் குறைவது, அன்றாட ஒழுங்கு தலைகீழாவது, கை மாறி வளர்வது ஆகியவைதான் பெரும்பாலும் தூண்டும். உங்கள் நாய்க்கு முதல் மூன்றும் ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன.

“நாலு நாள் கத்தவிட்டால் பழகிவிடும்” என்று ஊரில் சொல்வார்கள். சலிப்பில் குரைக்கும் நாய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். பயத்தில் கத்தும் நாய்க்குப் பொருந்தாது. தனியாக இருந்து பதறும் ஒவ்வொரு தடவையும் தனிமை என்றால் ஆபத்து என்ற பாடம்தான் ஆழமாகப் பதிகிறது. எத்தனை விநாடி தனியாக இருந்தால் இந்த நாய் பயப்படாமல் இருக்கிறது? சிகிச்சை முழுவதும் அந்த ஓர் எண்ணில் நிற்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும், அதைத் தாண்டாமல் இருப்பதும், அதை மெல்ல நீட்டுவதும்தான் வேலை.

எண்ணைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும். பழைய போன் ஒன்றை முகப்புக்கதவும் வளவும் தெரியும்படி உயரத்தில் சாய்த்து வைத்து, அதிலிருந்து உங்கள் போனுக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்க மைக்கை அணைத்துவிட்டு, திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விலை மலிவான வைஃபை கேமராவும் போதும். வழக்கம்போலக் கிளம்பிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணில் படாத இடத்தில் நின்று பாருங்கள். ஊளை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அது கடைசிக் கட்டம். முதலில் சின்ன அடையாளங்கள் வரும்: தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, அடிக்கடி உதட்டை நக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, கதவை வெறித்தபடி அசையாமல் நிற்பது, வெயில் இல்லாத நேரத்தில் இரைப்பது, போவதும் வருவதுமாக நடப்பது. இவற்றில் முதலாவது எத்தனையாவது விநாடியில் வந்தது என்று குறித்துக்கொண்டு உடனே உள்ளே போய்விடுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சோதித்து நாயை வதைக்க வேண்டாம்.

அந்தப் பதிவு வேறு காரணங்களைப் பிரித்தறியவும் உதவும். பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் நீங்கள் போன முதல் அரை மணிக்குள் தலைகாட்டிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பிறகு சாவகாசமாகத் தலையணையைக் கிழிக்கும் நாய்க்குச் சலிப்பு. தெருவில் ஆள் நடக்கும்போது மட்டும் திண்ணைப் பக்கம் பாய்ந்து குரைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் அது காவல். வெடிச் சத்தம், இடி கேட்கும் நாட்களில் மட்டும் நடந்தால் சத்த பயம். சில நாய்களுக்கு இதுவும் பிரிவுப் பதற்றமும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் சிறுநீர்த் தொற்று, நீரிழிவு இவற்றைப் பார்க்க வேண்டும். 9, 10 வயதில் திடீரென்று தொடங்கினால் மூட்டு வலி, காது கண் மங்கல், முதுமையில் வரும் மறதி நோய் ஆகியவற்றை மருத்துவர் முதலில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். நீங்கள் இருவரும் வெளியே போய், பக்கத்து வீட்டு ஆச்சி வளவில் உட்கார்ந்திருந்தால் நாய் அமைதியாக இருக்கிறதா? இருந்தால் அதற்கு வேண்டியது யாராவது ஒரு மனிதத் துணை. உங்கள் வேலை பாதி குறைந்தது. ஆச்சி இருந்தும் கதவடியில் நின்று அழுதால், அது உங்களில் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது பயிற்சியை அந்த ஒருவர் மட்டும் வெளியே போவதில், மற்றவர் வீட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டில் எந்த மூலையில் படுத்தாலும் உங்கள் அசைவு நாயின் காதில் விழும். இங்கே முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நீங்கள் கடைசிக் கட்டில் அடுப்படிக்குப் போனாலே முகப்பில் படுத்திருக்கும் நாய் தனியாகிவிடுகிறது. அறைக்கு அறை உங்கள் காலைச் சுற்றிக்கொண்டே வருகிறதென்றால், அதற்குப் பிரிவு தெருக்கதவில் தொடங்கவில்லை, வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவிலுள்ள கதவிலேயே தொடங்குகிறது. முதல் பயிற்சி அந்தக் கதவில்தான்.

இரண்டு வாசல் இருப்பதால் பதறும் நாய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆத்தங்குடிக் கல் (பூவேலை செய்த தரை ஓடு) தேய்ந்து மின்னும் தரை. ஓடித் திரும்பும்போது கால் வழுக்கி இடுப்பும் முழங்காலும் அடிபடும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு ஏற்கெனவே பலவீனமான இடம். அது ஓடும் பாதையில் அடியில் ரப்பர் விரிப்பும் மேலே கோரைப் பாயும் போடுங்கள். மாடிப்படிக் கதவைக் கட்டாயம் சாத்துங்கள், திகிலில் மேல்மாடி ஜன்னலிலிருந்து குதிக்கும் நாய்கள் உண்டு. சிறுநீர் பட்ட கல்லைத் துணியால் ஒற்றியெடுத்து, மென்மையான சோப்பு நீரில் கழுவி, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம் தெளித்தால் வாடை போகும். கழிப்பறை ஆசிட், வினிகர் இரண்டும் கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, அமிலம் பட்டால் பூவேலை அரித்துப் போகும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் விதி கடினமானது: பயிற்சி முடியும்வரை, நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடவே கூடாது. காலையில் 20 விநாடிப் பயிற்சி செய்துவிட்டு மாலையில் 3 மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் காலைப் பயிற்சி வீண். பலர் தோற்பது இங்கேதான். நல்லவேளையாக, ஊரில் இதற்குச் சென்னையைவிட வழி அதிகம். கடைகண்ணிக்கு ஒருவர் போக மற்றவர் இருக்கலாம். இருவரும் போக வேண்டிய கல்யாணம், காது குத்துக்கு ஆச்சியையோ, வீட்டு வேலைக்கு வருபவரையோ, பங்காளி வீட்டுப் பிள்ளைகளையோ வளவில் உட்கார வைக்கலாம். காரில் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறும். சித்திரை வெயிலில் அது உயிர் போகும் சூடு.

பயிற்சி நாளில் காலை 6 மணிக்கு முன்பே 30, 40 நிமிடம் நடக்கக் கூட்டிப் போங்கள். அவசரப்படுத்தாமல், நின்று நின்று மோந்து பார்க்க விடுங்கள். திரும்பி வந்து தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். ஓடிக் களைத்தால் பதற்றம் தீர்ந்துவிடாது, ஆனால் உடம்பில் தினவு இருக்கும் நாய்க்கு அமைதி கற்பிப்பது இன்னும் கடினம்.

வீடியோவில் முதல் அடையாளம் 40-ஆவது விநாடியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க இலக்கு அதில் பாதி, 20 விநாடி. ஓர் அமர்வு இப்படிப் போகும். கதவுவரை நடந்து திரும்பி வந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கொண்டியைத் தொட்டுவிட்டு வாருங்கள். அடுத்து கதவைத் திறந்து மூடிவிட்டு வாருங்கள். அடுத்து திண்ணைக்கு இறங்கிக் கதவைச் சாத்தாமல் 3 விநாடி. பிறகு சாத்தி 5 விநாடி. கடைசியாகச் சாத்தி 20 விநாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாய் இயல்புக்கு வரும்வரை ஒரு நிமிடமாவது சும்மா இருங்கள். மொத்தம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அமர்வு, வாரத்தில் 5 நாள் போதும். மீதி இரண்டு நாள் முழு ஓய்வு, அந்த ஓய்வும் பயிற்சியின் பகுதி.

பிறகு 20-ஐ 24 ஆக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நீளமாகவே போனால் நாய் அதைக் கண்டுகொள்ளும். “இப்போது இன்னும் நேரமாகும்” என்று எதிர்பார்த்துப் பதறத் தொடங்கும். 10, 24, 5, 15, 20 என்று கலந்து போங்கள். இரண்டு அமர்வுகள் தொடர்ந்து அமைதியாக முடிந்தால் மட்டும் இலக்கை 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். நாய் பதறிவிட்டால் குரைத்துக்கொண்டிருந்தாலும் உடனே உள்ளே போங்கள். “குரைக்கும்போது போனால் குரைத்தால் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும்” என்ற அறிவுரை இங்கே செல்லாது. அது பயத்தில் கத்துகிறது, பேரம் பேசவில்லை. அடுத்த அமர்வில் இலக்கைப் பாதியாக்கித் தொடருங்கள்.

சாவிதான் பெரும்பாலும் உண்மையான வில்லன். நீளமான இரும்புச் சாவி கிலுங்கும் சத்தம், கனத்த தேக்குக் கதவு முனகும் சத்தம், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவது, புடவை மாற்றுவது, கைப்பை, ஸ்கூட்டர் உறுமல்: நீங்கள் கதவை அடையும் முன்பே நாய் பாதிப் பதற்றத்தில் இருக்கும். இந்த அறிகுறிகளைப் பிரிவிலிருந்து கழற்ற வேண்டும். சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பேப்பர் படியுங்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். ஸ்கூட்டரை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். நாளுக்கு நாலைந்து தடவை, ஒரு தடவைக்கு ஓர் அறிகுறி மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினால் வீடு முழுக்கப் புறப்பாடாகி நாய் நிலைகொள்ளாமல் தவிக்கும். ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்காமல் படுத்திருக்கிறது என்றான பிறகே அதைப் பயிற்சிப் புறப்பாட்டில் சேருங்கள். பூட்டும் சத்தம் தனி அறிகுறி. கதவைச் சாத்துவதைத் தாங்கும் நாய் பூட்டு விழும் சத்தத்தில் எழுந்துவிடும், அப்போது விநாடிக் கணக்கைக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

பின்வாசல் வழியாகவும் பயிற்சி செய்ய மறக்காதீர்கள். முகப்பு வழியாகப் போனால் 10 நிமிடம் தாங்கும் நாய், பின்வாசலில் 1 நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

சுழியத்திலிருந்து 5 நிமிடம் வரை போவதுதான் நீண்ட பாதை, வாரக்கணக்கில் ஆகும். மனம் தளரும் இடமும் அதுதான். 30, 40 நிமிடத்தைத் தாண்டிவிட்டால் 5 நிமிடப் படிகளில் ஏறலாம், பிறகு 15 நிமிடப் படிகள். 90 நிமிடம் அமைதியாக இருக்கும் நாய் பெரும்பாலும் நாலு மணி நேரமும் இருக்கும், ஆனாலும் முதல் சில தடவை கேமராவில் பார்த்து உறுதி செய்யுங்கள். காலையில் இருப்பது மாலையில் இருப்பதாகாது. பல நாய்களுக்கு இருட்டும் நேரம் கடினம். ஒரு நோட்டில் தேதி, இலக்கு, நாய் செய்தது, யார் வெளியே போனது, மழையா வெயிலா, தெருவில் மேளமா வெடியா என்று எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் எந்த நாளில் ஏன் சறுக்கியது என்று உங்களுக்கே தெரியும்.

கிளம்பும்போது “வர்றேன்டா” என்று ஒரு வார்த்தை சொல்வதில் தவறில்லை. திரும்பி வந்து 20 நிமிடம் நாயைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். அமைதியாகத் தடவிக் கொடுங்கள், ஆரவாரம் மட்டும் வேண்டாம்.

தீனி நிரப்பும் ரப்பர் பொம்மையைப் பற்றி. காங் போன்ற உள்ளே குழிவான பொம்மையில் தயிர்ச்சோறு, வேகவைத்த பூசணி, எலும்பு நீக்கிய கோழி இவற்றை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் 20 நிமிடம் நக்கும். மிச்சக் குழம்புச் சோற்றை அடைக்காதீர்கள். நம் குழம்பு எதிலும் சின்ன வெங்காயம் இல்லாமல் இருக்காது; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பீநட் பட்டர், வேகவைத்த எலும்பு ஆகியவையும் ஆகாது. ஆனால் இது மருந்தாகாது. பதறும் நாய் தின்னாது. நீங்கள் இல்லாதபோது தொடாமல் கிடந்ததை நீங்கள் வந்ததும் அவசரமாகத் தின்கிறது என்றால், தனியாக இருந்த நேரம் முழுக்கப் பயந்திருக்கிறது என்று பொருள். சில நாய்கள் தீனி இருக்கும்வரை அமைதியாக இருந்து, தீர்ந்த நொடியில் பதறும். அதனால் விநாடிப் பயிற்சியைத் தீனி இல்லாமல் செய்யுங்கள். பொம்மையை நீங்கள் வீட்டில் இருக்கும்போது, இரண்டாங்கட்டில் தனியே படுத்துத் தின்னப் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி வேண்டவே வேண்டாம். கழுத்துப் புண்ணைப் பார்த்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை. கூண்டில் பூட்டினால் பல்லும் நகமும் உடையும்வரை போராடும் நாய்கள் உண்டு. கூண்டுக்குள் தானாகப் போய்த் தூங்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் மட்டும், கதவைத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டை குரைப்பை அடக்கும், பயத்தை இரட்டிப்பாக்கும். வாய்மூடி போட்டு விட்டுப் போனால் வெயிலில் இரைக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு நாய்? வேண்டாம், இதற்காக வேண்டாம். உங்கள் நாய் தேடுவது மனிதரை. பெரும்பாலும் ஒன்று ஊளையிட மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது இரண்டும் ஊளையிடும்.

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு ஓயும், பயம் ஓயாது; அசைய முடியாமல் பயந்துகொண்டு கிடக்கும். அலர்ஜி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதும் தீர்வில்லை. ஆனால் இதற்கென்றே சரியான மருந்துகள் இருக்கின்றன, அவற்றைக் கடைசி ஆயுதமாகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விநாடிக் கணக்கிலேயே நின்றுவிடும் நாய்க்கு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நாய்க்கு, தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் பயிற்சி உள்ளே இறங்கும். உங்கள் நாய் நிலையைக் கடித்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பேன்.

நாயின் பிரிவுப் பதற்றத்துக்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் அளித்தவற்றில் இரண்டு: 1998-இல் குளோமிப்ரமின், 2007-இல் ஃபுளுவாக்செடின். இரண்டுமே பயிற்சியுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. ஃபுளுவாக்செடின் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை என்பது வழக்கமான அளவு. மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன், கடையில் நீங்களே வாங்கிக் கொடுப்பதற்கல்ல. வலிப்பு வந்த நாய்க்கு இது ஏற்றதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். முதல் வாரங்களில் பசி குறையலாம், சோம்பலாக இருக்கலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. முன்னேற்றம் பல மாதம் நிலைத்த பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அந்த வாரங்களை எப்படிக் கடப்பது என்றால், டிராசடோன் அல்லது கேபாபென்டின் போல உடனே வேலை செய்யும் மருந்தை இடைக்காலத்துக்கு மருத்துவர் சேர்க்கக்கூடும். மனிதர்களுக்கான கேபாபென்டின் சிரப் சிலவற்றில் சைலிட்டால் உண்டு, அது நாய்க்கு விஷம்.

நம் பக்கத்தில் மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து மேலே ஊற்றும் அமிட்ராஸ் மருந்தும், அமிட்ராஸ் உள்ள உண்ணிப் பட்டையும் குளோமிப்ரமின், ஃபுளுவாக்செடின் இரண்டோடும் சேரக் கூடாது. சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை போகலாம். உண்ணிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள், எப்போது போட்டீர்கள் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வலிக்கு டிரமடால் கொடுத்திருந்தால் அதையும்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த வீடியோவையும் நோட்டையும் எடுத்துப் போங்கள். நாய் மருத்துவர் முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். வீடியோ இல்லாமல் உங்கள் பேச்சை மட்டும் வைத்து அவர் எடை போட முடியாது. ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் எடுங்கள். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

சிங்கப்பூர்ப் பயணம். சித்திரைக்குள் இந்த நாய் ஒரு மாதப் பிரிவுக்குத் தயாராகிவிடும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். நாய் விடுதியில் பகலில் ஆள் இருந்தாலும் இரவில் பெரும்பாலும் கூண்டில் தனியாகத்தான் இருக்கும். அதைவிட நல்லது, நாய்க்குப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே தங்கி, இரவும் அங்கேயே படுப்பது. அந்த ஆளை ஒரு மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். முதல் வாரம் உங்களோடு சேர்ந்து நடைக்கு வரட்டும், அவர் கையால் சோறு போடட்டும். இரண்டாம் வாரம் நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போய்விட அவர் இருக்கட்டும். மூன்றாம் வாரம் நீங்கள் ஓர் இரவு காரைக்குடியில் உறவினர் வீட்டில் தங்கிப் பாருங்கள். கிளம்பும் நாளில் துவைக்காத ஒரு துணியைப் படுக்கையில் விட்டுப் போங்கள். தீனி மாற்றுவதானால் 7 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நாயைத் தனியே விடக்கூடிய உச்ச நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். “பக்கத்தில் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்” என்று அவர் பூட்டிக்கொண்டு போகும் அரை மணி நேரம் இரண்டு மாதப் பயிற்சியைக் கரைத்துவிடும். திரும்பி வந்த பிறகு பழைய உச்ச நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

தம்பி வீட்டுக் குட்டிக்கு வருகிறேன். 56 நாள், அதாவது 8 வாரம் முடியாத குட்டியை வாங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். 30, 35 நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்து கற்க வேண்டியதை அந்தக் குட்டி இழந்துவிடுகிறது. வந்த முதல் இரவு தனியறையில் போட்டு அழவிடக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் படுக்கை போடட்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொரு அடியாகத் தள்ளி, நிலையான இடத்துக்குக் கொண்டு போகலாம்.

தனிமைப் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். குட்டி விளையாடி, தின்று, சிறுநீர் கழித்து, கண் செருகும் நேரத்தில் எழுந்து வளவின் அந்தப் பக்கம் போய் 10 விநாடியில் திரும்ப வேண்டும். அழுமுன் திரும்புவதுதான் கணக்கு. பிறகு அடுத்த கட்டு, பிறகு தெருக்கதவு. தினமும் மூன்று நாலு தடவை. 4 மாதத்தில் ஒரு மணி நேரம், 6 மாதத்தில் மூன்று மணி நேரம் என்ற அளவில் போனால் நல்ல வேகம். குட்டியால் சிறுநீரை அடக்க முடிவது மாத வயதோடு ஒன்றைக் கூட்டிய மணி நேரம், அதுவே உச்சம். 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம். அதற்கு மேல் பூட்டி வைத்தால் நனைந்த இடத்தில் கிடக்க நேரும், தனிமையே அதற்கு வெறுத்துப் போகும். ஒருவர் மட்டும் சோறு போட்டு ஒருவர் மட்டும் நடைக்குக் கூட்டிப் போகாமல், வீட்டிலுள்ள எல்லோரும் மாற்றி மாற்றிச் செய்யட்டும்.

இந்தப் பக்கத்துக் குட்டிகளுக்கு வரும் தனிச் சிக்கல் கூட்டம். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் 40 பேர் வந்து நிறைந்த வீடு, மூன்றே நாளில் இரண்டு பேர் வீடாகிவிடுகிறது. 40 கைகள் மாற்றி மாற்றித் தூக்கிய குட்டிக்கு நாலாம் நாள் திடீரென்று யாரும் இல்லை. கூட்டம் இருக்கும் நாட்களிலும் தினம் இரண்டு தடவை, 15, 20 நிமிடம் சந்தடியில்லாத இரண்டாங்கட்டு அறையில், பழகிய படுக்கையில், மெல்ல ஏதாவது கொடுத்து அதைத் தனியே ஓய்வெடுக்க வைக்கச் சொல்லுங்கள். ஊர்ப்பிள்ளைகள் கிளம்பிப்போன அன்றும் மறுநாளும் வீட்டில் யாராவது ஒருவர் இருக்கட்டும். மூன்றாம் நாளிலிருந்து 5 நிமிடத்தில் தொடங்கிப் பழைய நேரத்துக்குக் கொண்டு வரலாம்.